கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற யாழ்

நம் பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள், யாழ் டீச்சர் பிறவி ஊமைதானே என்று. கீழே நாலைந்து பேர் ஆமாம் போட்டிருந்தீர்கள். இன்னொருத்தி, ஊமை இல்லை, ஏதோ வேண்டுதலுக்காக மௌன விரதம் என்று எழுதியிருந்தாள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபமும் வந்தது. உங்களுக்கு அவர் டீச்சர். எனக்குச் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி. அவள் ஊமையும் இல்லை, விரதமும் இல்லை. அந்த யாழ் நம் பிரார்த்தனைக் கூடத்துக்கு எப்படி வந்தது என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது நாம் ஆறாம் வகுப்பில் சேர்வதற்கு முந்தைய கோடையில் நடந்த கதை. நமக்கெல்லாம் மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிற வயசாகிவிட்டது. இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். உச்சிப்புளிக்குத் தெற்கே தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. கடல் கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும் வரும். பகலெல்லாம் மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தொண்டை பெரிசு. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வீட்டுக்குத்தான் குரல் போன சித்தி வந்து சேர்ந்தாள்.

சித்தி நம் பள்ளியில் தற்காலிகப் பாட்டு டீச்சராக இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. கழுத்தில் கழலை மாதிரி ஒரு கட்டி வளர்ந்தது. வளரவிடக் கூடாது, எடுத்துவிடலாம் என்று மதுரைக்கு அழைத்துப்போனது அய்யாதான். கட்டி போனது. அதோடு குரலும் போனது. பேசினால் உமியை ஊதினது மாதிரி காற்றுதான் வரும். காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வார்த்தை புரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னார். பொங்கல் வந்தது, பங்குனி போனது, திரும்பவில்லை. தலைமையாசிரியை நல்ல மனுஷி. பள்ளி திறக்கும்வரை பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்.

சித்தி ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இன்னொரு கையில் ஒரு யாழ் இருந்தது.

நிஜ யாழ் இல்லை. தமிழ் மன்ற நாடகத்துக்காகச் செய்த கட்டை. மயில் தலை வைத்து, தங்க பெயிண்ட் அடித்து, கம்பிக்குப் பதிலாக மஞ்சள் நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். நாடகத்தில் மேடையில் ஒரு பெண் அதை மீட்டுவது மாதிரி கையசைப்பாள். திரைக்குப் பின்னால் யாரோ வீணை வாசிப்பார்கள். ஸ்டோர் ரூமில் கிடந்ததைச் சித்தி கேட்டிருக்கிறாள். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்று நினைத்துத் தலைமையாசிரியை கொடுத்துவிட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, கொலுவுக்கு நல்லாருக்கும் என்றாள். சித்தி என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "இதை வாசிச்சுப் பாட்டுச் சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றாள்.

ஆர்மோனியம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். அய்யாவும் கேட்டார். பக்கத்துப் பஜனை மடத்தில் இருந்ததைக் கேட்டு வாங்கியும் வந்தார். சித்தி ஒரு சாயங்காலம் முழுக்க அதை வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். அன்றைக்கு அவள் சொன்னதை நான்தான் அய்யாவிடம் உரக்கச் சொன்னேன்: "விரலை அழுத்துனா சத்தம் கூடணும், தணிச்சாத் தணியணும். என் தொண்டையில அப்பிடித்தான் இருந்துச்சு. இதுல கட்டையை எப்பிடி அமுக்குனாலும் ஒரே சத்தம்." வீணை படிக்க வருஷக்கணக்காகும். யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. எந்த நரம்பைத் தொட வேண்டும் என்று அவள் தொண்டைக்கு ஏற்கெனவே தெரியும். அய்யாவுக்கு இது விளங்கவில்லை. விளங்கினது மாதிரி தலையாட்டினார்.

கயிற்றை அவிழ்த்துவிட்டு, மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நரம்பை இழுத்துக் கட்டினாள். மீட்டிப் பார்த்தாள். கொசுவலைக்கு வெளியே கொசு நிற்கிற மாதிரி ஒரு சத்தம். நான் நாலடி தள்ளி நின்றேன். தென்னமட்டைச் சத்தம்தான் கேட்டது.

முதல் தடம் தற்செயலாகக் கிடைத்தது. அம்மாவுக்குச் சீர் கொடுத்த பலாமரப் பெட்டி ஒன்று உள்ளறையில் இருந்தது. தூசி துடைக்க யாழை அதன்மேல் வைத்தபோது சித்தியின் விரல் நரம்பில் பட்டது. சத்தம் யாழிலிருந்து வரவில்லை, பெட்டியிலிருந்து வந்தது. சித்தி அப்படியே நின்றாள். பிறகு பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். ஒரு சேலை எடுப்பதும் ஒரு தடவை மீட்டுவதுமாகப் பெட்டியைக் காலி செய்தாள். பெட்டி காலியாகக் காலியாகச் சத்தம் ஏறியது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது கல்யாணப் பட்டு உட்பட எல்லாம் தரையில் கிடந்தது. கூடப்பிறந்தவளுக்கு மனசு சரியில்லை என்ற முடிவுக்கு அம்மா அன்றைக்குத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன்.

சித்தி எனக்குச் சொன்னது இதுதான்: நரம்பு தனியாக இருந்தால் காற்றை அறுத்துக்கொண்டு போய்விடும். அது எதைப் பிடித்து ஆட்டுகிறதோ அதுதான் ஊருக்குக் கேட்கும்.

அந்தக் கோடையில் எங்கள் தோப்புக்குத் தென்னோலைக் கிடுகு பின்ன ஓர் அக்கா வந்துகொண்டிருந்தாள். மண்டபம் அகதி முகாமிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள், யாழ்ப்பாணத்துப் பக்கம். நாங்கள் முகாம் அக்கா என்போம். தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் சித்தி நரம்பு முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றாள். என்ன என்று கேட்டாள். யாழ் என்றேன். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கட ஊர்ப் பேரிலையே யாழ் இருக்கு. நான் ஒரு நாளும் ஒண்டைக் காணேல்லை" என்றாள்.

அவளுடைய அப்பா வள்ளம் கட்டுகிறவர். சின்ன வயசிலிருந்து அவருக்குப் பலகை பிடித்துக் கொடுத்தவள் அவள். இந்தப் பக்கம் வந்த படகில் அப்பா ஏறவில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் நாங்கள் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இருவரும் தோப்புக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மெதுவாகப் பேசினாள், மற்றவள் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். எங்கள் வீட்டில் சித்தி முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தவள் அவள்தான். மற்ற எல்லாரும் அவள் வாயைத் திறந்ததுமே, தண்ணி வேணுமா, படுக்கணுமா என்று நாங்களே முடித்துவிடுவோம். பாசத்தில்தான் அப்படிச் செய்தோம்.

முகாம் அக்கா பூவரசம் பலகையில் வள்ளம் மாதிரியே ஒரு உடல் கட்டினாள். வெந்நீர் ஊற்றிப் பலகையை வளைத்து, இடுக்கெல்லாம் அடைத்து, தண்ணீரில் விட்டால் மிதக்கும் என்கிற அளவுக்குக் கச்சிதம். அய்யாவே வந்து தட்டிப் பார்த்து, நல்ல உறுதி என்றார். நரம்பு கட்டி மீட்டினார்கள். பழைய கட்டையை விடக் கொஞ்சம்தான் தேவலை. முகாம் அக்கா பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தாள்.

"வள்ளம் அதிரக் கூடாதெண்டுதான் அப்பா படிப்பிச்சவர்" என்றாள் பிறகு. "இது அதிர வேணுமெண்டா நான் படிச்சதைத் தலைகீழாப் பிடிக்க வேணும், பிள்ளை."

பிரித்தார்கள். அடிப்பக்கத்தைச் செதுக்கி மெலிசாக்கினார்கள். மேலே பலகைக்குப் பதில் தோல் போர்த்தலாம் என்றாள் சித்தி. பழைய யாழ்களுக்குத் தோல்தான் போர்த்தினார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். ஆட்டுத்தோல் வாங்கி ஊறவைத்து இழுத்துக் கட்டினார்கள். அந்த நாற்றம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அம்மா கொட்டகைப் பக்கமே வரவில்லை. ஆனால் மத்தியான வெயிலில் அதை மீட்டியபோது கிணற்றடியில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அன்று சாயங்காலம் அய்யாவுக்குக் காட்ட எடுத்தார்கள். கடல்காற்று ஏறி, தோல் ஈரத்தில் தொங்கிப்போயிருந்தது. ஈரத்துணியைத் தட்டினது மாதிரி ஒரு சத்தம். அய்யா சிரிக்கவில்லை. சரி, விடு தாயி என்றார். அதுதான் சித்திக்குச் சிரிப்பைவிட உறைத்தது. பள்ளிக்கூடப் பிரார்த்தனை காலையில் நடப்பது. பனி இறங்குகிற நேரம். வெயிலுக்கு மட்டும் பாடுகிற யாழ் எதற்கு? தோலை அறுத்து எறிந்தாள்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை எங்களை நயினார்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். குரல் திரும்ப வேண்டும் என்று ஒரு விளக்கு, மனசு தெளிய வேண்டும் என்று ஒரு விளக்கு. முதலாவதை மட்டும் சித்தியிடம் சொன்னாள். அம்மா கண்ணை மூடி நிற்க, சித்தி கல்மண்டபத்தில் ஒவ்வொரு தூணாகப் போய்க் கை தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் எங்கே போய்த் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் பக்தி முற்றிப்போனது என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தி நேராக ஸ்டாப்பிலிருந்த டீக்கடைக்குப் போனாள். அந்தக் காலத்தில் டீத்தூள் மெல்லிய பலகைப் பெட்டியில் வரும், உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். வரும் வழியெல்லாம் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். காலிப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அம்மா பின்னால் பத்தடி தள்ளியே வந்தாள், எங்களோடு வந்தவள் என்று தெரியாத மாதிரி. வெள்ளித்தாளை நான் உரித்து நட்சத்திரம் வெட்டினேன்.

டீப்பெட்டிப் பலகையை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, வஜ்ரப் பசை காய்ச்சி மேலே ஒட்டினார்கள். தங்கூசியை விட்டுவிட்டு வீணைக் கம்பி கட்டினார்கள். முதல் மீட்டலிலேயே கொட்டகைக் கூரையில் இருந்த காக்கை பறந்தது. முகாம் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். மறுநாள் மத்தியானம் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுத்து, பலகை நடுவில் புடைத்து, பட்டென்று கிழிந்தது. தெறித்த கம்பி சித்தியின் முன்கையைக் கீறியது.

அன்றைக்கு நான் அழுதேன். சித்தி அழவில்லை. கிழிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து எங்கே முதலில் விட்டது என்று விரலால் தடவிப் பார்த்தாள். பெட்டியில் இன்னும் பலகைகள் இருந்தன. கனமாகப் போட்டால் கிழியாது, ஆனால் பேசாது. மெலிசாகப் போட்டால் பேசும், ஆனால் கிழியும். முகாம் அக்கா சுவரில் சாய்ந்தபடி யோசித்துவிட்டு, வள்ளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஏராக்கட்டை வைக்கிற மாதிரி, கம்பி இழுக்கிற கோட்டில் மட்டும் ஒரு மெல்லிய சட்டம் வைத்தால் என்ன என்றாள். இழுப்பைச் சட்டம் தாங்கும், சுற்றிலும் பலகை சும்மா ஆடும். சித்தி, ஓரங்களை இன்னும் இழைக்கலாம் என்றாள். சத்தம் வெளியே வரத் துளையை முன்னால் போடாமல் முதுகில் போட்டார்கள். அந்தப் பலகை கிழியாமல் நின்றது.

இதற்கிடையில் அய்யா ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்.

பரமக்குடியில் பாத்திரக் கடை, மனைவி இறந்தவர். அய்யா யாரிடமும் பொய் சொல்லவில்லை. பெண் ரொம்ப அடக்கம், சத்தமே வராது என்று தரகரிடம் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். கட்டியை எடுக்கச் சொன்னது தான்தான் என்பது அவரை எப்படி அரித்துக்கொண்டிருந்தது என்பது இப்போது அவருடைய அந்த வயதைத் தாண்டிவிட்ட எனக்குப் புரிகிறது. பறித்ததற்கு ஈடாக ஒரு குடும்பத்தை அமைத்துக் கொடுத்துவிட நினைத்தார். அவளிடம் கேட்க மட்டும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையும் அவருடைய அண்ணனும் மதினியும் வந்தார்கள். கூடத்தில் மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வெளியே மட்டைச் சத்தம், எல்லாரும் உரக்கப் பேசினார்கள். சித்தி பாயில் உட்கார்ந்தாள், நான் அவளை ஒட்டி. காப்பி குடித்துக்கொண்டே அந்த மதினி, பாட்டு டீச்சர்னு சொன்னாக, ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்களேன் என்றாள்.

அய்யா உடனே, தொண்டை கட்டியிருக்கு என்றார்.

சித்தி நிமிர்ந்து, கட்டல அத்தான், போயிருச்சு என்றாள். எனக்கு மட்டும் கேட்டது. அய்யாவுக்கு உதடு அசைந்தது தெரிந்தது. கூச்சப்படுது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தி மறுபடியும் சொன்னாள், எனக்கு விருப்பம் இல்ல என்று. அய்யா, சம்மதம்தான், பெரியவுக பாத்துச் செய்யுங்கன்னு சொல்லுது என்றார். வேண்டுமென்று சொன்னாரா, அப்படித்தான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

சித்தி எழுந்து உள்ளே போனாள். வெட்கம் என்று நினைத்தார்கள். அவள் யாழோடு வந்து அதே பாயில் உட்கார்ந்தாள். மேல்பூச்சு இல்லாத பலகை. டீக்கம்பெனி முத்திரை பாதி தெரிந்தது. கட்டைவிரலால் தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டாள்.

தட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. எல்லாரும் வாயை மூடினார்கள். அம்மா எதற்கென்றே தெரியாமல் விசிறியை நிறுத்தினாள்.

அந்த அமைதியில் சித்தி பேசினாள். வழக்கம்போல மூச்சுக்காற்றுக் குரல்தான். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"ஆபரேசன்ல என் குரல் போயிருச்சு. இனி வராது. அத்தானைத் தப்பா நினைக்காதீங்க, அவருக்குச் சொல்லச் சங்கடம். எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம். நான் ஸ்கூலுக்குப் போகணும். பாட்டுக் கேட்டீக, வாசிக்கிறேன்."

வாசித்தாள். நாம் பிரார்த்தனையில் பாடுவோமே, அதே பாட்டு. மெல்லிய கம்பியில் தணிந்து தொடங்கி, நடுவில் ஏறி, மறுபடி தணிந்தாள். அவள் குரல் இருந்த காலத்தில் எங்கே மூச்சு எடுப்பாளோ அங்கே நிறுத்தினாள். அய்யா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "நல்லாக் கேட்டுச்சும்மா" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, போவோம் என்றார். மரியாதையாகவே சொல்லிக்கொண்டு போனார்கள்.

அய்யா அதன்பிறகு சித்தியோடு பேசவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவே சோற்றை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள். சித்தி அதற்காக நிற்கவில்லை. ஒரு பெரிய குறை பாக்கி இருந்தது. மேலே வளைந்து போகிற கழுத்து, கம்பி முறுக்க முறுக்க வளைந்து கொடுத்தது. ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் முன்பு சேர்த்தது இறங்கிவிடும். பள்ளி திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளும் முகாம் அக்காவும் வேம்பு போட்டுப் பார்த்தார்கள், கொன்றை போட்டுப் பார்த்தார்கள். அதுவும் வளைந்தது, இதுவும் வளைந்தது.

ஒரு காலையில் அய்யா கொட்டகைக்கு வந்தார். கையில் எங்கள் பழைய மாட்டுவண்டியின் நுகத்தடியை அறுத்த துண்டு. வருஷக்கணக்காக இரண்டு மாடு இழுத்தும் அசையாத மரம், இயல்பிலேயே லேசான வளைவு. அதைச் சித்தியின் முன்னால் வைத்துவிட்டு, "இது ஆகுமா பாரு" என்றார். சித்தி எடுத்துப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அய்யா குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, காதை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் அவசரப்படாமல் கேட்டுவிட்டு, சரி தாயி, அப்படியே இழைச்சுருவோம் என்றார்.

முகாம் அக்கா பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பிப் போனாள். இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். போனில் வாயும் காதும் பக்கத்திலேயே இருப்பதால் சித்தியின் பேச்சு நம் பேச்சைவிடத் தெளிவாகக் கேட்கும்.

பள்ளி திறந்த அன்று யாழை அய்யாதான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இராமநாதபுரத்தில் இறங்கி, புதுப் பாவாடை தாவணிக் கூட்டத்துக்குள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் ஆறாம் வகுப்புக்கு அன்றுதான் வந்தேன். நீங்களும் அந்தக் கூடத்தில் இருந்தீர்கள். தகரக் கூரை, மேலே கடகடக்கிற விசிறிகள். தலைமையாசிரியை, நீங்க வாசிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து கடைசி பெஞ்சுக்குப் போய், நமக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். அது எதற்கென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சித்தி வாசித்தாள். தலைமையாசிரியை கொஞ்ச நேரம் திரும்பவே இல்லை. திரும்பியபோது, "கேக்குது டீச்சர். ஆரம்பிங்க" என்றார்.

சித்தி முதல் சுரத்தை மீட்டிவிட்டு நம்மைப் பார்த்தாள். நாம் பாடினோம். அவள் தலையை அசைத்து மறுபடி அதே கம்பியைத் தொட்டாள். மறுபடி பாடினோம். எங்கோ ஒரு குரல் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கோபப்படவில்லை, தேடினாள். விரலை அழுத்தி இன்னும் பலமாக மீட்டினாள். அந்தக் குரல் என்னுடையது. தெரிந்தும் அவள் என்னைத் தாண்டிப் போகவில்லை. அதே கம்பி, அதே சுரம், எல்லாரும் காத்திருக்க, நான் கண்ணை மூடிக் கேட்டேன், எட்டினேன், பிடித்தேன்.

சித்தி அடுத்த கம்பிக்குப் போனாள்.